வயலோர ஓடைக்கு நாட்டு மீன் திரும்பி வர: ஒரு முழுமையான வழிகாட்டி

நிலத்தை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ உள்ளவர்கள் முதலில் கேட்பது, "என்ன மீன்குஞ்சு வாங்கி விடலாம்?" என்றுதான். ஒன்றும் விட வேண்டாம் என்பதே என் பதில். முன்பு அங்கே இருந்த மீன் எதனால் போனதோ, அதனாலேயே புதிதாக விடும் குஞ்சும் போய்விடும். அந்தக் காரணத்தைத் தண்ணீரில் தேடினால் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அது வயலில்தான் இருக்கிறது.

மீனுக்கு வேண்டியவை மூன்று: மூச்சுவிடத் தண்ணீரில் ஆக்சிஜன், முட்டையிட ஓர் இடம், அந்த இடத்துக்குப் போய்வர ஒரு வழி. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான். வரிசையும் முக்கியம். மண்ணைத் தடுக்காமல் வழியை மட்டும் திறந்துவிட்டால், மீன் மேலே ஏறி வந்து சேற்றில்தான் முட்டையிடும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆராயப்பட்ட ஏறக்குறைய 15,000 நன்னீர் மீன் இனங்களில் நான்கில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பது தெரிந்தது. அப்படி ஆபத்தில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் மாசினால் பாதிக்கப்பட்டவை. வயலில் இருந்து வடியும் மண்ணும் உரமும் மருந்தும் அந்த மாசில் சேர்த்திதான்.

முதல் படி: மழையில் நடந்து பாருங்கள்

நல்ல மழை பிடித்து அரை மணி நேரம் ஆனதும் நிலத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள். வெயில் நாளில் பத்து முறை நடந்தாலும் தெரியாத விஷயம் அப்போது தெரியும். வயலின் தண்ணீர் ஓரம் முழுக்கச் சீராக வடிவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் கூடி, வேகம் எடுத்து, கரையை அறுத்துக்கொண்டு ஓடையில் விழும். அந்த இடங்களில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பின்னால் செய்யப்போகும் வேலையில் பாதி அந்தக் குச்சிகளைச் சுற்றித்தான்.

கையோடு சில கண்ணாடி பாட்டில்கள் கொண்டு போங்கள். ஓடை உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பாட்டில், வெளியேறும் இடத்தில் ஒன்று, ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒன்று. எது எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டி, ஆடாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் கீழே உட்கார்ந்துவிடும். வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களி நாள் கணக்கில் மிதக்கும். நுழையும் இடத்துத் தண்ணீரைவிட வெளியேறும் தண்ணீர் கலங்கலாக இருந்தால், அந்தக் கூடுதல் மண் உங்களுடையது. உரம் போட்டு வளர்த்த மேல்மண் போகிறது என்பதால், மீனை மறந்துவிட்டுப் பார்த்தாலும் அது நஷ்டம்தான்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும், ஓட்டமுள்ள இடத்தில் கைக்கு அடங்கும் ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். நல்ல ஓடையில் கல் சட்டென்று கையோடு வரும். அடியில் மூன்று மெல்லிய வால் நீட்டிய தட்டைப் புழுக்கள் ஓடும், மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் தொங்கும். கெட்டுப்போன ஓடையில் கல் 'ப்ளக்' என்று சேற்றை உறிஞ்சிக்கொண்டு வரும், அடியில் ஒன்றும் இருக்காது. கல்லிடுக்கில் முட்டையிடும் மீன்களுக்கு அந்த இடுக்குதான் பிரசவ அறை. அதில் சேறு அடைந்தால் முட்டைக்குத் தண்ணீர் ஓட்டம் நின்று மூச்சு முட்டிவிடும்.

இரண்டாம் படி: உங்கள் மீன் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'நாட்டு மீன்' என்பது இடத்தைப் பொறுத்தது. தெற்காசிய நீர்நிலைகளில் விரால் குடும்பம் சொந்த மீன். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிழக்காசிய இனம் 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் பெருகியிருப்பது தெரிந்ததும், அந்தக் குளத்துக்கே நஞ்சு ஊற்றி அழித்தார்கள்.

அந்தப் பகுதியில் நெடுங்காலம் மீன் பிடித்த பெரியவர்களிடம் கேட்பதுதான் நல்ல தொடக்கம். எந்த மீன் எந்த மாதத்தில் ஏறும், எங்கே சினை விடும் என்பதை அவர்கள் அளவுக்குச் சொல்ல ஆள் இல்லை. கேட்டதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பின்னால் நாள் குறிக்கும்போது உதவும்.

கொசுப்புழுவைத் தின்னும் என்று கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனை விடுவது, விளைச்சலுக்கென்று ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ திலாப்பியாவையோ பண்ணைக்குட்டையில் விடுவது, இரண்டும் வேண்டாம். பெருவெள்ளத்தில் குட்டை ஒருமுறை நிரம்பி வழிந்தால் போதும், அவை ஓடைக்குப் போய்விடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன் பெருகிய பிறகு, அங்கே மட்டுமே வாழ்ந்த சிறு மீன் இனங்கள் ஏறக்குறைய 200 காணாமல் போயின.

மூன்றாம் படி: மண்ணை வயலிலேயே நிறுத்துங்கள்

முழு வேலையில் பாதி இதுதான், பொறுமையும் இங்கேதான் அதிகம் வேண்டும்.

முதலில் வெறும் மண்ணைக் குறையுங்கள். மழைத்துளி நேராக மண்ணில் விழுவதுதான் அரிப்பின் தொடக்கம். அறுவடைக்குப் பின் தாளை விட்டுவைப்பது, இரண்டு பயிருக்கு இடையே பயறு வகை ஏதாவது விதைத்து மூடுவது, சரிவுக்குக் குறுக்கே உழுவது ஆகிய மூன்றும் புதியவை அல்ல, ஆனால் மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக உழுத ஒவ்வொரு சாலும் ஓடைக்குப் போகும் ஒரு குட்டி வாய்க்கால்.

அடுத்தது கரையோரத் தாவரப் பட்டை. எவ்வளவு அகலம்? கரடு மண்ணை நிறுத்த 10 மீட்டர் அடர்ந்த புல் ஓரளவு போதும். தண்ணீருக்கு நிழல், மீனுக்கு இரையாகும் பூச்சிகள், கரைக்கு வேர்ப்பிடிப்பு எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் 30 மீட்டர் மரமும் புதரும் வேண்டும் என்பது சிற்றோடை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2015-ல் போட்ட சட்டம் பொது நீர்நிலைகளின் ஓரம் சராசரியாக 50 அடியும், பொது வடிகால்களின் ஓரம் 16.5 அடியும் கேட்கிறது. சிறு நிலத்தில் 30 மீட்டர் விடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. 3 மீட்டர்தான் முடியும் என்றால் 3 மீட்டர் விடுங்கள், ஆனால் முதல் படியில் குச்சி நட்ட இடங்களில் மட்டும் தாராளமாக அகலப்படுத்துங்கள்.

அங்கே அகலம் மட்டும் போதாது: தண்ணீர் கூடி ஓடும் இடத்தில் எவ்வளவு அகலப் பட்டை இருந்தாலும் அதை அறுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டை விழுந்த சல்லடை மாதிரிதான். அங்கே பட்டைக்கு முன்னால் நீர்மட்டம் பார்த்து ஒரு ஆழமற்ற பள்ளத்தைக் குறுக்கே வெட்டுங்கள். கூடி வந்த தண்ணீர் அதில் நிரம்பி, நீளவாக்கில் பரவி, பள்ளத்தின் விளிம்பின் மேல் சீராக வழிந்து புல்லுக்குள் இறங்கும். பள்ளத்தில் தங்கும் வண்டலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளி வயலிலேயே போடலாம்.

என்ன நடுவது? தண்ணீரை ஒட்டி கோரை, நாணல் போன்றவை. கரைச் சரிவில் ஆழ வேர்விடும் புல், வெட்டிவேர் என்றால் வேர் 3 மீட்டருக்கும் கீழே போகும். மேலே அந்தப் பகுதிக்கே உரிய மரங்கள். வெயில் அதிகம் விழும் திசையில் உள்ள கரையில் மரங்களை அடர்த்தியாக வையுங்கள், நிழல் அங்கிருந்துதான் தண்ணீர் மேல் விழும்.

கரைப் புல்லைச் சும்மா கிடக்கும் புல் என்று நினைத்துவிட வேண்டாம். நியூசிலாந்தில் இனாங்கா என்றொரு விரல் நீள மீன் இருக்கிறது. பெரிய ஓதம் (கடல்நீர் ஏற்றம்) வரும் நாளில் கழிமுகத்தருகே கரைப் புல்வரை ஏறி, புல்லின் அடித்தண்டுகளில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். தண்ணீர் வடிந்த பிறகு முட்டைகள் அந்த ஈரப் புல்லின் நிழலிலேயே வாரக்கணக்கில் இருந்து, அடுத்த பெரிய ஓதம் தொட்டதும் பொரிக்கும். இடையில் ஒரு மாடு அந்தப் புல்லை மேய்ந்தால் போதும், முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும்.

நான்காம் படி: உரமும் மருந்தும்

பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே மண்ணை நிறுத்தினால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். தழைச்சத்து அப்படியில்லை. நைட்ரேட்டாகக் கரைந்து, புல்பட்டைக்கு அடியிலேயே நழுவிப் போகும். அதற்கு முதல் தீர்வு, தேவைக்கு மேல் போடாமல் இருப்பது. மண் பரிசோதனை செய்து, ஒரே தடவையாகக் கொட்டாமல் பயிரின் வளர்ச்சிக்கு ஏற்பப் பிரித்துப் போடுங்கள். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் அன்றைக்கு மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

உரம் ஓடைக்குப் போனால் பாசி பெருகும். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அதை எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் 7.5 தான். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை சாகும். மத்தியானம் அளந்து பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், மேலே எங்கிருந்தோ சத்து அதிகமாக வருகிறது என்று அர்த்தம்.

மருந்து விஷயத்தில் ஒரு பொதுவான நினைப்பைத் திருத்த வேண்டும். செடியில் இருந்து எடுத்தது என்றால் மீனுக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். ரோட்டெனோன் செடி வேரில் இருந்து எடுப்பதுதான், மீன்களைக் கொல்லவே அதைப் பயன்படுத்துகிறார்கள். இலுப்பைப் பிண்ணாக்கைக் குளத்தில் கரைத்துக் களை மீன்களை அழிப்பதும் தெரிந்ததே. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) மீனுக்கு நஞ்சு. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் ஒரு லிட்டருக்கு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலே மீனைக் கொல்லும். அதனால் ஓடையை ஒட்டிய சில வரிசைகளுக்கு மருந்து அடிக்காமல் விடுங்கள், காற்று ஓடைப் பக்கம் வீசும்போது தெளிப்பானைத் தோளில் ஏற்றவே வேண்டாம். தெளிப்பானை ஓடையில் கழுவும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். கழுவிய தண்ணீரை வயலிலேயே தெளித்துவிடலாம்.

நெல் வயலாக இருந்தால், மருந்து போட்ட தண்ணீரை உடனே வடிக்காமல் கட்டி வையுங்கள். கலிபோர்னியாவில் 1980-களின் தொடக்கத்தில் நெல் வயல்களின் களைக்கொல்லியால் வடிகால்களில் கெண்டை மீன்கள் கூட்டமாகச் செத்தன. அதன்பின் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி வைக்க விதி வந்தது, அந்த நாள்கணக்கு 28 வரை போனது. மருந்து வயலிலேயே சிதைந்துபோக, ஆற்றில் அதன் அளவு மிகவும் குறைந்துவிட்டது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மாடுகளுக்குத் தனித் தண்ணீர்

மாடு ஓடையில் இறங்குவது தண்ணீருக்காக. வேறு இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தால் பெரும்பாலும் இறங்காது. வர்ஜீனியாவில் 1990-களில் செய்த ஒரு சோதனையில், வேலி எதுவும் போடாமல் தொட்டி மட்டும் வைத்தார்கள். மாடுகள் தண்ணீர் குடித்ததில் 92 சதவீதம் தொட்டியில்தான், கரை அரிப்பும் 77 சதவீதம் குறைந்தது. தொட்டியை நிழலுள்ள மேட்டில், ஓடையில் இருந்து தள்ளி வையுங்கள். ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஓர் இடத்தில் மட்டும் கல் பரப்பி, இருபுறமும் வேலியிட்டுக் குறுகலான பாதை கொடுங்கள்.

ஆறாம் படி: வழியைத் திறங்கள்

புது வெள்ளத்தில் மீன் ஏறும் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறும் மீன் எங்கே முட்டி நிற்கிறது என்பதைத்தான் கவனிப்பதில்லை. வண்டிப்பாதைக்கு அடியில் போட்ட குழாயைக் குனிந்து பாருங்கள். போட்ட நாளில் தரையோடு இருந்திருக்கும். குறுகிய குழாயில் தண்ணீர் பீறிட்டு வந்து, வெளிவாயின் கீழே மண்ணைக் குடைந்து குடைந்து, இப்போது குழாய் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். நமக்கு அது ஒரு சாண், அயிரைக்கு அது அணை.

மீன் மூன்று விதமாகத் தடைபடும்: வெளிவாயில் விழுச்சி, உள்ளே வேகம், கோடையில் குழாய்க்குள் விரல்கடை அளவு மட்டுமே தண்ணீர். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், குழாய் ஓடையைவிடக் குறுகலாக இருப்பது. மூன்றாவதற்கு, குழாய்க்குள் ஓடைப் படுகை இல்லாதது. புதிதாகப் போடும்போது ஓடை கரை நிரம்பி ஓடும் அகலத்தைவிட அகலமாகப் போடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மீன் வழிக்கான கணக்கு, அந்த அகலத்தைப் போல் 1.2 மடங்கு, அதோடு 2 அடி. அடிப்பகுதியை ஐந்தில் ஒரு பங்காவது தரைக்குள் புதைத்தால், ஓடையின் மணலும் கல்லும் உள்ளேயும் படுக்கும், மீனுக்கு அது குழாய் என்றே தெரியாது. மாற்றப் பணம் இல்லை என்றால், வெளிவாயின் கீழே பல அளவுக் கற்களைக் கலந்து சரிவாக அடுக்கி, தண்ணீர் மட்டத்தைக் குழாய் வாய்வரை உயர்த்துங்கள். ஒரு அடி ஏற 20 அடியாவது நீளம் வேண்டும், சிறு மீன்களுக்கு 30 அடி நல்லது. நடுவில் ஆங்காங்கே பெரிய கல் வைத்தால் அதன் பின்னால் மீன் நின்று இளைப்பாறும்.

பலகை போட்டுத் தண்ணீர் தேக்கும் மதகாக இருந்தால், முதல் வெள்ளத்தின் சில நாட்களுக்கு ஓரப் பலகையை எடுத்துவிடுவதே பெரிய உதவி. ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றில் கடல்முகத்தில் இருந்து ஹியூம் அணை வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் மீன் ஏறிப் போகும்படி, தடைகளில் மீன் படிகள் கட்டினார்கள். அது அரசாங்கம் செய்கிற வேலை. உங்கள் பலகை உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஓடைப் படுகையில் கல் வைக்கவும் குழாய் மாற்றவும் பெரும்பாலான இடங்களில் அனுமதி வேண்டும், முதலில் கேட்டுவிடுங்கள். அப்புறம், சில இடங்களில் தடையே அரணாக இருக்கும். கீழே அந்நிய மீன் பெருகியிருந்து மேலே நாட்டு மீன் மட்டும் பிழைத்திருந்தால் அந்தத் தடையைத் தொடாதீர்கள்.

ஏழாம் படி: மோட்டார் வாயில் வலை

இது சின்ன வேலை, கணக்கோடு செய்தால் போதும். மோட்டார் நொடிக்கு 10 லிட்டர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலைக்கருகே தண்ணீர் நொடிக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல் வேகம் எடுக்காமல் இருந்தால் பெரும்பாலான குஞ்சுகள் நீந்தித் தப்பும். 0.01 கன மீட்டரை 0.06-ஆல் வகுத்தால் 0.17 சதுர மீட்டர், வலைக்கு அவ்வளவு பரப்பு வேண்டும். ஃபுட்வால்வின் (உறிஞ்சுகுழாயின் அடிமுனை வால்வு) சின்ன சல்லடை அதற்குப் போதாது. ஒரு பீப்பாய் அளவுக் கூண்டுக்கு 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை சுற்றி, அதற்குள் ஃபுட்வால்வை வையுங்கள். கம்பியும் வலைநூலும் அடைக்கும் இடத்தைச் சேர்த்து, கணக்கைவிட இரண்டு மடங்காக வைப்பது நல்லது. குப்பை அடைக்காததால் மோட்டாருக்கும் ஆயுசு கூடும்.

கோடையில் கடைசி மடுவை மட்டும் இறைக்காதீர்கள். அடுத்த ஆண்டுக்கான விதை மீன் அதில்தான் இருக்கிறது.

எட்டாம் படி: ஓடையை அதிகம் சுத்தம் செய்யாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் வடிகாலை இயந்திரம் வைத்து ஒரே நாளில் தூர்வாரினேன். இரண்டு கரையும் மொழுமொழுவென்று, பார்க்கவே அழகாக இருந்தது. மறுநாள் காலையில் அள்ளிப்போட்ட சேற்றுமேட்டில் வரிசையாகக் கொக்குகள். கிட்டப் போய்ப் பார்த்தால் சேற்றுக்குள் ஆரலும் அயிரையும் நெளிந்துகொண்டிருந்தன. பக்கெட்டில் பொறுக்கிப் போட்டது கொஞ்சம்தான். அதன்பின் மீன் தென்பட இரண்டு மழைக்காலம் ஆனது.

இப்போது மூன்றில் ஒரு பகுதியை மட்டும் ஓர் ஆண்டில் தூர்வாருகிறேன், அதுவும் ஒரு கரையில் இருந்து மட்டும். மீன் சினை விடும் மாதங்களில் கை வைப்பதில்லை. அள்ளிய சேற்றைத் தண்ணீரை ஒட்டியே அன்றைக்குக் கொட்டி, ஆள் விட்டுக் கிளறி, உயிருள்ளவற்றைத் திருப்பி விட்ட பிறகுதான் அப்புறப்படுத்துகிறோம்.

விழுந்த மரத்தையும் கிடக்க விடுங்கள். முர்ரே ஆற்றின் பெரிய காட் மீன் தண்ணீருக்குள் கிடக்கும் பொந்து மரத்தில் முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். படகுக்கு இடைஞ்சல் என்று பல காலம் அந்த மரங்களை எடுத்தவர்கள், பிறகு ஆயிரக்கணக்கில் மரங்களைத் திரும்பக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். சிறு பாலம் அடைத்துவிடும் என்ற பயம் இருந்தால், பாலத்துக்கு மேல்பக்கம் கிடப்பதை மட்டும் எடுங்கள்.

ஒன்பதாம் படி: முடிந்தால் கொஞ்சம் முழுக விடுங்கள்

எப்போதும் தண்ணீர் தேங்கி விளைச்சல் சரியாக வராத ஒரு மூலை எல்லோரிடமும் இருக்கும். அதோடு சண்டை போடுவதை நிறுத்தி, வெள்ள காலத்தில் ஓடையோடு சேர விடுங்கள். கலிபோர்னியாவின் யோலோ வெள்ளப்படுகையில், அறுவடை முடிந்த நெல் வயல்களைக் குளிர்காலத்தில் முழுக்கி இளம் சால்மன்களை விட்டுப் பார்த்தார்கள். மட்கும் தாளால் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய இரை உயிர்கள் பெருக, அவற்றைத் தின்று குஞ்சுகள் ஆற்றில் வளர்வதைவிட வேகமாகக் கொழுத்தன. கவனிக்க வேண்டியது வடிகால்தான். தண்ணீர் மெதுவாக, ஓடையை நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் குழி இருந்தால் குஞ்சுகள் அதில் சிக்கிக் காயும்.

பத்தாம் படி: பார்த்து எழுதுங்கள்

ஆண்டுக்கு நான்கு முறை போதும். அதே இடங்களில் பாட்டில், அதே இடத்தில் கல், விடியற்காலையில் ஒரு பார்வை. முதல் ஆண்டில் பாட்டில் தெளியும். கல்லடியில் புழுக்கள் வர இரண்டாம் மூன்றாம் ஆண்டு ஆகலாம். மீன் அதற்கும் பின்னால்தான், மேலும் கீழும் உள்ள நிலக்காரர்களைப் பொறுத்துத் தாமதமும் ஆகும்.

முதல் வெள்ளம் வந்த இரவில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு அந்த வண்டிப்பாதைக் குழாயின் கீழ்வாய்க்குப் போங்கள். நேராக அடிக்காமல் ஓரமாக வெளிச்சம் விழவிடுங்கள். மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஒரு துள்ளலில் அடுத்த கல்லுக்குப் போகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் கீழேயே கூடி நின்றால், மறுநாள் காலையில் இன்னும் நாலு கல் அடுக்க வேண்டும்.